பணியிடத்தில் எது பாலியல் தொல்லை, எது பக்குவமின்மை?

அலுவலகத்தில் யார் மீதாவது பாலியல் தொல்லைப் புகார் வந்தால், அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு விதமான பேச்சு கேட்கும். "இனிமே லேடீஸ்கிட்ட குட்மார்னிங் சொல்லவே பயமா இருக்குப்பா" என்பார் ஒருவர். "கையைக் கிய்யைப் பிடிச்சாரா? இல்லேல்ல? அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிசு பண்றாங்க?" என்பார் இன்னொருவர். முதலாமவருக்கு எல்லாமே குற்றமாகத் தெரிகிறது. இரண்டாமவருக்குத் தொட்டால்தான் குற்றம். சட்டம் இந்த இரண்டு இடத்திலும் நிற்கவில்லை.

இந்தக் குழப்பத்தால் வரும் நஷ்டம் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. தொல்லைக்கு ஆளானவர், 'இது புகார் கொடுக்கிற அளவுக்குப் பெரிய விஷயமா' என்று மாதக்கணக்கில் யோசித்துக் காலக்கெடுவைத் தவறவிடுகிறார். இன்னொரு பக்கம், பயந்துபோன ஆண்கள் பெண் ஊழியர்களை ஒதுக்கத் தொடங்குகிறார்கள். வேலை சொல்லிக்கொடுப்பதில்லை, முக்கியமான கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. அதுவும் அந்தப் பெண்களுக்குத்தான் இழப்பு.

இந்தியாவில் இதற்கென்று 2013-இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அதன் அடிப்படை ஒன்றும் கடினமானதல்ல. சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி அதை மட்டும் இங்கே சொல்கிறேன்.

## நெரிசலில் ஒரு கால் மிதி

கூட்டமான பேருந்தில் ஒருவர் உங்கள் காலை மிதித்துவிடுகிறார். வேண்டுமென்று மிதிக்கவில்லை. ஆனாலும் வலிக்கிறது. "சார், கால்" என்கிறீர்கள். அவர் "ஐயோ, ஸாரிங்க" என்று காலை எடுத்துக்கொள்கிறார். விஷயம் அங்கேயே முடிந்தது.

இதே ஆள் காலை எடுக்காமல், "நான் வேணும்னா மிதிச்சேன்? கூட்டத்துல இதெல்லாம் சகஜம்" என்று வாதம் செய்தால்? அவர் எண்ணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் உங்கள் கால் அவர் செருப்புக்கு அடியில்தான் இருக்கிறது. இன்னொரு நிலைமையையும் யோசியுங்கள். மிதித்துக்கொண்டிருப்பவர் உங்கள் சம்பள உயர்வில் கையெழுத்துப் போடுகிறவர். அப்போது "சார், கால்" என்று சொல்லவே வாய் வராது. சொல்லவில்லை என்பதற்காக வலிக்கவில்லை என்று ஆகுமா?

நாம் பார்க்கப்போகும் மூன்று விஷயங்கள் இதிலேயே இருக்கின்றன: செய்தவரின் எண்ணத்தைவிடப் பட்டவருக்கு நடந்தது முக்கியம், சொன்ன பிறகும் தொடர்ந்தால் அது வேறு விஷயம், அதிகாரம் உள்ளே வந்தால் மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கு வைக்க முடியாது. ஒப்புமை இதோடு போதும், ஏனென்றால் பாலியல் தொல்லை பெரும்பாலும் தற்செயலாக நடப்பதில்லை.

## சட்டம் எங்கிருந்து வந்தது

ராஜஸ்தானில் பட்டேரி என்ற கிராமத்தில் மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளராக இருந்தவர் பன்வாரி தேவி. ஒரு கைக்குழந்தைக்கு நடக்கவிருந்த திருமணத்தைத் தடுக்க முயன்றார். அது அவருடைய வேலை. அதற்குப் பழிவாங்கலாக 1992-இல் கூட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கீழ் நீதிமன்றம் 1995-இல் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

அப்போது பெண்கள் அமைப்புகள் ஒரு கேள்வியோடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயின: ஒரு பெண் தன் வேலையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்டால், அவரை வேலைக்கு வைத்தவருக்குப் பொறுப்பே இல்லையா? விசாகா என்ற அமைப்பின் பெயரில் நடந்த அந்த வழக்கில் 1997 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. சமத்துவத்துக்கான உரிமை, எந்தத் தொழிலையும் செய்யும் உரிமை, கண்ணியத்தோடு வாழும் உரிமை ஆகியவற்றைப் பாலியல் தொல்லை பறிக்கிறது என்றது நீதிமன்றம். நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும்வரை எல்லா நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய நெறிமுறைகளையும் வகுத்தது. நிறுவனங்களில் இருக்கும் புகார்க் குழுவை இன்றும் பலர் 'விசாகா கமிட்டி' என்று சொல்வது இதனால்தான்.

சட்டம் வர இன்னும் 16 ஆண்டுகள் ஆயின. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்பு, தடை மற்றும் தீர்வுச் சட்டம் 2013 டிசம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. இது முதலில் வேலையைப் பற்றிய சட்டம் என்பதை மனதில் வையுங்கள். ஒரு பெண் அச்சமில்லாமல் வேலை பார்க்க முடிகிறதா என்பதுதான் இதன் அக்கறை. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று சான்றிதழ் கொடுப்பது இதன் வேலையில்லை.

## சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகள்

ஒரு செயல் பாலியல் தொல்லையா என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். அது பாலியல் தன்மை கொண்டதா? அது விரும்பத்தகாததா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது தொல்லை.

பாலியல் தன்மை என்பதற்குச் சட்டம் ஐந்து வகை சொல்கிறது: உடலைத் தொடுவது அல்லது நெருங்க முயல்வது, பாலியல் இணக்கம் கேட்பது, பாலியல் சாயலோடு பேசுவது, ஆபாசப் படமோ காட்சியோ காட்டுவது, இவற்றில் அடங்காத, சொல்லாலோ சைகையாலோ உடலாலோ செய்யும் வேறெந்தப் பாலியல் நடத்தையும். கடைசி வகை வேண்டுமென்றேதான் அகலமாக வைக்கப்பட்டிருக்கிறது. உற்றுப் பார்ப்பது, வழிமறித்து நிற்பது, தனிப்பட்ட வாழ்க்கையைத் துருவிக் கேட்பது, சமூக வலைத்தளத்தில் பழைய படங்களைத் தோண்டி எடுத்து இதயக் குறி போடுவது எல்லாம் சூழலைப் பொறுத்து இதில் வரலாம்.

விரும்பத்தகாதது என்றால், அதை எதிர்கொண்டவர் அதைக் கேட்கவும் இல்லை, வரவேற்கவும் இல்லை. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. 'அவங்க ஒண்ணும் சொல்லலையே', 'சிரிச்சாங்களே', 'பதில் அனுப்பினாங்களே' என்பவைதான் வழக்கமான பதில்கள். சங்கடத்தில் சிரிப்பவர்கள் உண்டு. பேச்சை மாற்றுவது, கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போவது, அடுத்த நாள் முதல் வேறு வரிசையில் உட்காருவது எல்லாமே மறுப்புத்தான். வாய்விட்டு 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் நிபந்தனை போடவில்லை.

செய்தவரின் நோக்கம்? சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு வழக்கில் இதை நேராகவே எடுத்துக்கொண்டது. செயலுக்குப் பின்னால் என்ன நோக்கம் இருந்தது என்பதைவிட, அது எதிரில் இருப்பவருக்கு விரும்பத்தகாததாக இருந்ததா என்பதையே பார்க்க வேண்டும் என்றது. இதைக் கேட்டதும், 'அப்படியானால் யாருக்கு எது பிடிக்கவில்லையோ அதெல்லாம் குற்றமா' என்ற பயம் வருவது இயல்பு. அப்படியும் இல்லை. அதே இடத்தில் இருக்கும் நியாயமான ஒரு பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதும் அளவுகோலில் உண்டு.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பாலியல் சாயல் இருக்க வேண்டும், விருப்பமில்லாததாக இருக்க வேண்டும். 'நான் தப்பா நினைச்சுச் செய்யலை' என்பது தண்டனையின் அளவைப் பேசும்போது கணக்கில் வரலாம். நடந்ததை இல்லாததாக ஆக்காது.

## 'தங்கச்சி மாதிரி நினைச்சுத்தான்'

நம் அலுவலகங்களில் திரும்பத் திரும்ப வரும் விளக்கம் ஒன்று உண்டு. "எனக்கு அவங்க தங்கச்சி மாதிரி. பொண்ணு மாதிரி. அந்த உரிமையிலதான் தோள்ல கை வச்சேன்." சொல்பவர்களில் சிலர் உண்மையாகவே அப்படி நினைத்தும் இருக்கலாம். ஆனால் அந்த உறவை அந்தப் பெண் ஏற்றுக்கொண்டாரா என்று யாரும் கேட்பதில்லை. அவர் வேலைக்கு வந்தவர். அவருக்கு அண்ணனோ அப்பாவோ வேண்டுமென்று அவர் விண்ணப்பிக்கவில்லை. உறவுமுறை சொல்லி எடுத்துக்கொள்ளும் உரிமை, மறுப்பதை இன்னும் கடினமாக்கிவிடுகிறது. "அப்பா மாதிரி" என்று சொன்னவரின் கையைத் தட்டிவிட்டால் தட்டியவர்தான் மரியாதை தெரியாதவர் ஆகிறார்.

'உங்கள் வீட்டுப் பெண்ணிடம் இப்படிப் பேசுவீர்களா' என்று பயிற்சி வகுப்புகளில் கேட்பதும் எனக்கு உவப்பில்லை. சக ஊழியரைச் சக ஊழியராக மதித்தாலே போதும். மேலதிகாரியின் தோளில் கை வைப்பீர்களா, அவர் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான சந்தேகங்கள் அங்கேயே தீர்ந்துவிடும்.

## தொடாமலே தொல்லை

உச்ச நீதிமன்றம் 1999-இல் தீர்த்த ஒரு வழக்கு. ஆடை ஏற்றுமதி ஊக்குவிப்புக் குழுமத்தில் தலைவரின் தனிச் செயலாளராக இருந்தவர், ஒரு பெண் எழுத்தரை ஓட்டல் ஒன்றுக்கு டிக்டேஷன் எடுக்க அழைத்துப்போய், நெருங்கி உட்கார்ந்து தொட முயன்றார் என்பது புகார். நிறுவனம் அவரை வேலையை விட்டு நீக்கியது. உயர் நீதிமன்றமோ, அவர் முயன்றார், ஆனால் உடலைத் தொட்டதாக நிரூபணமாகவில்லை என்று சொல்லி அந்தத் தண்டனையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. உடல் தொடர்பு இருந்தால்தான் பாலியல் தொல்லை என்பது தவறான பார்வை என்று சொல்லி, வேலை நீக்கத்தை உறுதி செய்தது. சாப்பாட்டு நேரத்தில் 'கையைப் பிடிச்சாரா' என்று கேட்பவருக்கு அன்றே பதில் வந்துவிட்டது.

## அதிகாரம் எப்படி வேலை செய்கிறது

தொல்லை இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று பேரம். 'நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போனா ப்ரமோஷன் பார்த்துக்கலாம்', 'இல்லேன்னா அடுத்த மாசம் கான்ட்ராக்ட் ரினியூவல் கஷ்டம்தான்' என்ற மாதிரி. வாயால் சொல்லாமல் ஜாடையாகக் காட்டினாலும் அது பேரம்தான். சலுகை தருவதாகச் சொல்வதும், கெடுதல் செய்வதாக மிரட்டுவதும், வேலையே போய்விடும் என்று பயமுறுத்துவதும் சட்டத்தில் தனித்தனியாகவே குறிப்பிடப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று பகைச் சூழல். ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்க முடியாதபடி அந்த இடமே கெட்டுப்போவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இதற்கு மேலதிகாரி தேவையில்லை. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தினமும் இரட்டை அர்த்த ஜோக் போடும் நான்கு பேர் போதும். ஜோக் யாரையும் குறிவைத்து இல்லையே என்பார்கள். அந்தக் குழுவை விட்டு வெளியேறினால் ஷிப்ட் மாற்றம் தெரியாது, விடுப்பு அறிவிப்பு தெரியாது என்ற நிலையில் இருக்கும் பெண், அதைத் தினமும் பார்த்தே ஆக வேண்டும். இதை வெறும் ரசனைக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது.

அதிகாரம் எவ்வளவு சத்தமில்லாமல் உள்ளே வரும் என்பதைப் பார்க்க ஓர் உரையாடலை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் புகார்களில் வருவதற்குப் பக்கத்தில் இருப்பது. இரவு 10:40. அனுப்புபவர் குழுத் தலைவர். பதில் தருபவர் அவருக்குக் கீழே வேலை செய்யும், திருமணமான பெண்.

"நாளைக்கு ரிப்போர்ட் ரெடியா?"

"ரெடி சார்."

"குட். சாப்டாச்சா?"

"ஆச்சு சார்."

"இன்னிக்கு அந்தப் பச்சைச் சுடிதார்ல செமையா இருந்தே. மீட்டிங்ல கவனமே போகல."

(கைகூப்பும் குறி மட்டும்.)

"என்ன, பதிலைக் காணோம்? ஹஸ்பண்ட் பக்கத்துல இருக்காரா?"

"தூங்கப் போறேன் சார். குட்நைட்."

"சரி சரி. கனவுல வர்றேன்."

முதல் கேள்வி வேலை சம்பந்தப்பட்டது; நேரம்தான் சரியில்லை. 'சாப்டாச்சா' என்று நாம் யாரிடமும் கேட்போம், அதில் தவறு தேட வேண்டியதில்லை. சுடிதார் வரியில்தான் வண்டி தடம் மாறுகிறது. உடை நன்றாக இருக்கிறது என்று சொல்வது ஒன்று. 'உன்னைப் பார்த்ததில் எனக்குக் கவனம் போகவில்லை' என்பது தன் ஆசையை அவர் மேல் ஏற்றுவது. அவர் அனுப்பிய கைகூப்பும் குறியைப் பாருங்கள். சம்மதம் என்று அதைப் படிக்க முடியாது. மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பப்போகும் மனிதரைக் கோபப்படுத்தாமல் கதவைச் சாத்த அந்த நேரத்தில் அவருக்குக் கிடைத்த வழி அது.

அதற்கடுத்த வரிதான் எல்லாவற்றையும் விட அதிகம் சொல்கிறது. 'ஹஸ்பண்ட் பக்கத்துல இருக்காரா?' மூன்றாவது ஆள் பார்த்தால் இது சரியாக இருக்காது என்பது அனுப்புபவருக்கே தெரிந்திருக்கிறது. அப்புறம் 'சும்மா ஜாலியாப் பேசினேன்' என்று எப்படிச் சொல்ல முடியும்? குட்நைட் வந்த பிறகும் நிறுத்தாமல் இன்னொரு வரி. இந்தக் கடைசி மூன்று செய்திகளையும் சேர்த்து வைத்தால் விசாரணைக் குழு இதைத் தொல்லையாக எடுத்துக்கொள்ள எல்லா நியாயமும் இருக்கிறது.

சுருக்கமாக: பேரமாக வந்தாலும் சூழலைக் கெடுப்பதாக வந்தாலும் தொல்லைதான். கையில் அதிகாரம் இருப்பவர், எதிரில் இருப்பவரின் பணிவை விருப்பமாக எடுத்துக்கொள்ள முடியாது.

## அப்படியானால் பக்குவமின்மை எது

எல்லாத் தவறும் இந்தச் சட்டத்துக்குள் வராது. வரவும் கூடாது, எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டால் அந்தப் பெயருக்கே கனம் போய்விடும்.

ஒரே நிலையில் வேலை பார்க்கும் ஒருவர், இன்னொருவரிடம் "ஞாயித்துக்கிழமை ஒரு படத்துக்குப் போலாமா" என்று ஒருமுறை மரியாதையாகக் கேட்கிறார். "இல்லைங்க, எனக்கு விருப்பமில்லை" என்ற பதில் வருகிறது. "சரிங்க" என்று விலகி, மறுநாள் எப்போதும்போலப் பேசுகிறார். இதில் தொல்லை எதுவும் இல்லை. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் விரும்பக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதே ஆள் மறுப்புக்குப் பிறகும் பூங்கொத்து அனுப்பினால், நண்பர்களைத் தூது விட்டால், பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றால், அது கேட்பது என்ற எல்லையைத் தாண்டிப் பின்தொடர்வது ஆகிவிடுகிறது.

இதே கேள்வியை மேலாளர் தனக்குக் கீழே இருப்பவரிடம் கேட்டால்? ஒருமுறை, நாகரிகமாக, மறுப்பை ஏற்றுக்கொண்டு என்றால் அது சட்டப்படி தொல்லை ஆகாமலும் போகலாம். ஆனால் பக்குவமில்லாத காரியம் என்று தயங்காமல் சொல்வேன். 'இல்லை' என்று சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயத்தை அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றியாகிவிட்டது. இருவரும் மனமொப்பிப் பழகினாலும், மேலாளர் அதை மனிதவளத் துறையிடம் சொல்லிவிட்டு, அவருடைய மதிப்பீட்டிலிருந்து விலகுவதுதான் முறை. பல நிறுவனங்கள் இதைத் தங்கள் நடத்தை விதிகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. நடத்தை விதி என்பது நிறுவனம் தன் ஊழியர்களுக்கு வகுக்கும் ஒழுங்கு. சட்டத்தை மீறாமலே அதை மீற முடியும். அதற்கு எச்சரிக்கையோ இடமாற்றமோ வேறு நடவடிக்கையோ வரலாம்.

கத்துவது, எல்லார் முன்னாலும் திட்டுவது, வேண்டுமென்றே வேலையைக் குவிப்பது எல்லாம் கொடுமைதான். பாலியல் சாயல் இல்லாதவரை அவற்றுக்கு வழி வேறு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நெருங்க முயன்று, மறுப்பு வந்த பிறகுதான் இந்தத் திட்டும் குவிப்பும் தொடங்கின என்றால் கதை மாறுகிறது. மறுத்ததற்கான பழிவாங்கலும் இந்தச் சட்டத்தின் பார்வைக்குள் வருகிறது.

'ஒருமுறைதானே' என்பதற்கும் அளவு உண்டு. சுடிதார் நன்றாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னதையும் ஒருமுறை கட்டிப்பிடிக்க முயன்றதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கடுமையான செயல் ஒருமுறை நடந்தாலே போதும். சட்டம் எங்கும் 'திரும்பத் திரும்ப' என்று கேட்கவில்லை.

"சார், நீங்க அப்படிப் பேசினது எனக்குச் சங்கடமா இருந்துச்சு" என்று யாராவது உங்களிடம் வந்து சொன்னால், அவர் உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கம் தேவையில்லை. "மன்னிச்சிடுங்க, இனி நடக்காது" என்று சொல்லிவிட்டு அதன்படியே நடந்தால் போதும். "நீங்கதான் தப்பா எடுத்துக்கிட்டீங்க" என்று தொடங்கும் நொடியில் பக்குவமின்மை வேறொன்றாக மாறத் தொடங்குகிறது.

## எந்த இடம், யாருக்கு

பணியிடம் என்றால் அலுவலகக் கட்டடம் மட்டும் இல்லை. வேலை நிமித்தமாகப் போகும் எந்த இடமும், நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனமும், வீட்டு வேலை செய்பவருக்கு அந்த வீடும் பணியிடம்தான். நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர், தினக்கூலி, பயிற்சியாளர், சம்பளமில்லாத தன்னார்வலர் எல்லாரும் இதில் அடக்கம்.

2013 சட்டத்தின் கீழ் பெண்கள் மட்டுமே புகார் கொடுக்க முடியும். ஆண்களுக்கு நடக்காது என்று இதற்கு அர்த்தமில்லை, நடக்கிறது. சில நிறுவனங்கள் எல்லாப் பாலினத்தவருக்கும் பொருந்தும் விதிகளை வைத்திருக்கின்றன. சட்டமே அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

## புகார் என்றால் என்ன நடக்கும்

பத்து அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகாரை விசாரிக்க நிறுவனத்துக்குள்ளேயே அமைக்கும் குழு இது. தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து, பெண்கள் நலனுக்காக இயங்கும் அமைப்பு ஒன்றைச் சேர்ந்தவரோ இந்த விஷயங்களில் பழக்கமுள்ளவரோ ஒருவர். குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. தர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆகவே யோசிக்கும் காலத்திலேயே நாள், நேரம், இடம், பேசிய வார்த்தைகள், பக்கத்தில் இருந்தவர்கள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். செய்திகளை அழிக்காதீர்கள். கோபத்தில் எண்ணை பிளாக் செய்யும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை புகார் கொடுத்தவர் தனக்கோ எதிர்த்தரப்புக்கோ இடமாற்றம் கேட்கலாம், மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்புக் கேட்கலாம், அந்த மேலாளர் தன் பணி மதிப்பீட்டை எழுதக்கூடாது என்றும் கேட்கலாம். இந்தக் கடைசி வசதி பலருக்குத் தெரிவதே இல்லை. பயத்தில் பாதியைக் குறைக்கக்கூடியது இது. புகார் கொடுத்தவர் விரும்பினால், அவர் கேட்டால் மட்டும், சமரசம் பேசலாம். பணம் கொடுத்து முடிக்கும் சமரசத்துக்கு இடமில்லை. விசாரணையின் விவரங்களும் பெயர்களும் வெளியே போகக்கூடாது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு. புகாரின் நகல், பதில் சொல்ல அவகாசம், தன் சாட்சிகளை முன்வைக்க வாய்ப்பு ஆகியவை அவருக்குக் கிடைக்க வேண்டும். தொல்லைப் புகாரில் கோவா பல்கலைக்கழகம் வேலையை விட்டு நீக்கிய ஆசிரியர் ஒருவரின் வழக்கில், விசாரணை அவசர அவசரமாக நடத்தப்பட்டு எதிர்த்தரப்புக்குப் போதிய வாய்ப்புத் தரப்படவில்லை என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்து, மறுபடி விசாரிக்கச் சொன்னது. முறையாக விசாரிக்காத குழு இரண்டு பேருக்கும் அநியாயம் செய்கிறது. பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு முதலிலிருந்து தொடங்குவது புகார் கொடுத்தவருக்கு என்ன மாதிரி இருக்கும்?

'பொய்ப் புகார் வந்தால்' என்ற கேள்வி தவறாமல் வரும். வேண்டுமென்றே பொய் என்று தெரிந்தே கொடுத்த புகாருக்கு நடவடிக்கை உண்டு, சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நிரூபிக்க முடியாமல் போன புகாரைப் பொய்ப் புகார் என்று சொல்ல முடியாது. பொய் சொல்லும் உள்நோக்கம் இருந்ததைத் தனியாக விசாரித்து நிறுவ வேண்டும். சாட்சி வைத்துக்கொண்டு யாரும் தொல்லை செய்வதில்லை என்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாடு ஏன் என்பது புரியும். குற்ற வழக்கில் கேட்பதுபோல் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் இங்கே தேவையில்லை. நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று சான்றுகள் காட்டினால் போதும். விரும்பினால் காவல்துறையிலும் புகார் தரலாம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு பாலியல் தொல்லையைக் குற்றமாக்குகிறது.

பத்துப் பேருக்குக் குறைவான இடத்தில் வேலை பார்ப்பவர் எங்கே போவார்? முதலாளி மீதே புகார் என்றால்? ஒவ்வொரு மாவட்டத்திலும் இதற்கென்று உள்ளூர்க் குழு இருக்க வேண்டும். கடைப் பணிப்பெண், சிறு பட்டறைத் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோருக்கு வாசல் இதுதான். இவர்களில் பெரும்பாலானோர் இப்படி ஒரு குழு இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டியதில்லை என்பதற்காகவே, கிராமப்புறத்தில் வட்டார, வட்ட அளவிலும் நகரத்தில் வார்டு அளவிலும் புகார் வாங்க ஓர் அதிகாரியை நியமிக்கச் சொல்கிறது சட்டம். வாங்கிய புகாரை அவர் ஏழு நாளுக்குள் உள்ளூர்க் குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். எழுதத் தெரியாது என்று யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை. எழுதிக்கொடுத்து உதவ வேண்டியது குழுவின் கடமை. உங்கள் வீட்டில் வேலை செய்பவருக்கு இந்த விவரம் தெரியுமா என்று இன்றே கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால் உங்கள் பகுதிக்கான அதிகாரி யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள்.